பூசைச் சாமான்

கச்சான் திட்டில் ஈக்களுக்குச் சிறகு கிடையாது. பறந்தால் காற்று கொண்டுபோய்க் கடலில் போட்டுவிடும் என்பதால், லட்சக்கணக்கான வருஷங்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறகை உதறிவிட்டு, நடந்தே பிழைக்கக் கற்றுக்கொண்ட ஈக்கள் அவை. ஒவ்வொன்றும் எள்ளளவுதான் இருக்கும். அங்கே மெத்தைச் செடி என்று ஒன்று உண்டு, பச்சைத் தலையணையைப் பாறைமேல் கவிழ்த்து வைத்த மாதிரி. அதன் இடுக்குகளில்தான் அந்த ஈக்களுக்கு வீடு வாசல், கல்யாணம் காட்சி எல்லாம். மெத்தை ஒரு விரற்கடை அகலமாவதற்கு முப்பது வருஷம் பிடிக்கும்.

அப்படிப்பட்ட மெத்தை ஒன்றின் நடுவே ஒரு புல் நீட்டிக்கொண்டு நிற்பதைப் பனிமயம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பார்த்தாள். ஒரு சாண் உயரம். காற்றில் தலையை ஆட்டிக்கொண்டு, ரொம்ப நாளாக அங்கேயே குடியிருப்பது போல நின்றது. அவள் அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

பனிமயத்துக்கு ஐம்பத்துநாலு வயது. சொந்த ஊர் தூத்துக்குடி. பனிமய மாதாவின் பெயரை வைத்த அப்பனும் ஆத்தாளும் மகள் நிஜமாகவே பனிக்காட்டுக்குப் பிழைக்கப் போவாள் என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். இந்துமாக்கடலின் தென்கோடியில், எந்த ஊருக்குப் போவதென்றாலும் பதினெட்டு நாள் கப்பலில் போகவேண்டிய இடத்தில் இருக்கிறது அந்தத் திட்டு. வருஷம் முழுக்க மேற்கே இருந்து காற்று அறையும். மேல்காற்றை நம் கடற்கரைக்காரர்கள் கச்சான் என்பார்கள் அல்லவா, அதனால் முதல் கப்பலில் போன தூத்துக்குடி மாலுமிகள் வைத்த பெயர் அப்படியே நிலைத்துவிட்டது.

தென்கடல் உலா என்ற கம்பெனி அங்கே சுற்றுலாக் கப்பல் விடுகிறது. கடலுக்குள் இரும்புக் கால் நட்டு ஒரு மேடை. மேடையில் தங்குமிடம், சமையல்கட்டு, கழுவுமிடம். மேடை போய்க் கரையைத் தொடும் இடத்தில் ஒரே ஒரு வாசல். அந்த வாசலுக்குப் பனிமயம்தான் காவல். வருகிறவர்களின் உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை தேய்த்து, ஊதி, சுடுதண்ணீரில் அலசி, ஒரு விதை, ஒரு முட்டை, ஒரு பூசணத் தூள் இல்லாமல் உள்ளே அனுப்புவது அவள் வேலை. ஐந்து வருஷமாகச் செய்கிறாள். புதுப்பெண்ணின் பின்னலிலிருந்து மரிக்கொழுந்தை உருவியிருக்கிறாள். ஒரு பெரிய மனுஷரின் தாயத்தைத் திறந்து உள்ளே இருந்த நாலு கடுகை எடுத்திருக்கிறாள். அவர் அவளுக்குச் சாபமே கொடுத்தார். “சாபத்த இங்கயே வச்சிட்டுப் போங்க, திரும்பையில எடுத்துக்கிடலாம்” என்று சொல்லிக் காலணியை வாங்கித் தேய்த்தவள் அவள்.

அவள் கண்ணுக்குத் தப்பினாலும் மோப்பனுக்குத் தப்பாது. மோப்பன் என்பது வாசலில் பதித்திருக்கும் பெட்டி. கையை உள்ளே விட்டால் ஒரு மூச்சுக் காற்று வரும்; நம்மேல் ஒட்டியிருக்கிற உயிர் அத்தனையையும் பெயர் சொல்லிவிடும். இந்தக் கதைக்கு முக்கியம் அதன் இன்னொரு வித்தை. ஒரு விதையை அதன் முன்னால் வைத்தால் அது எந்த மண்ணில் விளைந்தது என்று சொல்லும். அழுகாமல் கிடைத்தால், அதை யார் கை தொட்டது என்றும் சொல்லும்; கம்பெனிக்காரர், கப்பலில் வருகிறவர் எல்லோருடைய கையும் பெயரோடு அதில் பதிந்திருக்கும். தொட்ட கையில் நம் தோல் ஒரு துளி ஒட்டாமல் போகாதே, அதை வைத்துத்தான்.

யார் கொண்டுவந்த விதையாவது திட்டில் வேர் பிடித்தது என்று பதிவாகிவிட்டால், அந்தக் கைக்கு வாசல் ஆயுசுக்கும் திறக்காது. கம்பெனியே வகுத்து, ஒவ்வொரு டிக்கெட்டின் பின்னாலும் அச்சடித்த விதி அது.

புல்லை ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டுக்கொண்டு பனிமயம் மேடைக்கு வந்தாள். மேலாளர் சபேசன் அப்போதுதான் காபியை வாயில் வைத்தார். சென்னைக்காரர், நல்ல மாதிரி. யாரையும் மரியாதைக் குறைவாகப் பேசமாட்டார். குப்பியைப் பார்த்ததும் காபியைக் கீழே வைத்துவிட்டார். மூன்று நாளில் அறுபது பேரோடு கப்பல் வருகிறது.

மோப்பனில் வைத்தார்கள். செய்தி வாசிக்கிற குரலில் அது சொன்னது: கோதுமை வயலில் கோதுமையோடு கோதுமையாகக் கலந்து வளரும் காட்டுப்புல். வடக்கத்தி மண். ஆனால் தானியக் கலவையோடு வந்திருக்கிறது. கலவை கட்டப்பட்டது தூத்துக்குடிச் சந்தையில். இலையில் கை எதுவும் தெரியவில்லை, விதை கிடைத்தால் சொல்லலாம்.

தூத்துக்குடி என்ற சொல் காதில் விழுந்ததும் சபேசன் சமையல்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

அங்கே இசக்கி மீன் அரிந்துகொண்டிருந்தான். அவனும் தூத்துக்குடிக்காரன்தான், நாற்பது வயது, அளந்துதான் பேசுவான். மேடையில் சமையலும் அவன்தான், பனிமயத்துக்கு மாற்றாளும் அவன்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பச்சைக்கு ஏங்கிப்போய், தன் அறையில் ஒரு தேநீர்க் குவளையில் வெந்தயம் முளைக்கப் போட்டிருந்தான். பனிமயமே அதைக் கண்டுபிடித்து, வெந்நீரை ஊற்றி அவித்து, அவனையே தின்ன வைத்தாள். மேடைக்குள்தான் என்பதால் எச்சரிக்கையோடு போயிற்று. இப்போது அந்த எச்சரிக்கைத் தாளைச் சபேசன் கோப்பிலிருந்து உருவினார்.

அன்று மத்தியானமே கடிதம் தயாராகிவிட்டது. விதைப் பழக்கம் உள்ளவர், முன்பே எச்சரிக்கப்பட்டவர், அவருடைய கவனக்குறைவால் அயல் புல் நுழைந்திருக்கலாம் என்று நம்ப இடமிருக்கிறது என்று எழுதியிருந்தது. வருகிற கப்பலில் இசக்கியை அனுப்பிவிட வேண்டும். அப்படி எழுதி அனுப்பப்பட்டவனை அப்புறம் எந்தக் கப்பலிலும் சேர்க்க மாட்டார்கள். இசக்கி கடிதத்தை வாசித்தான், மடித்தான், மறுபடி மீன் அரியப் போய்விட்டான்.

பனிமயம் அவன் எதிரே போய் நின்றாள். நீ கொண்டுபோனியா என்று கேட்டாள். இல்லை என்றான். பின்னே ஏன் வாயை மூடிக்கொண்டு இருக்கிறாய் என்று கேட்டாள்.

“வெந்தயம் போட்டவந்தானக்கா நான்” என்றான் இசக்கி. “அன்னைக்கு அத எங்கிட்ட இருந்து புடுங்கையில நீங்க பாத்த பார்வை இருக்கே, அதே பார்வையத்தான் இப்ப சார் பாக்காரு.”

அவளுக்கு அது எங்கேயோ போய்த் தைத்தது. ஒரு சிறு மண்வாரியையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

அடுத்த ஒன்றரை நாள் அவள் முழங்காலிலேயே ஊர்ந்தாள். புல் ஒன்று என்று நினைத்தது, பார்க்கப் பார்க்க ஏழாகி, இருபதாகி, மெத்தைகளின் காற்றுப்படாத ஓரத்தில் எல்லாம் ஊசி ஊசியாக எட்டிப் பார்த்தது. ஒரு மெத்தையை வேர் நடுவில் பிளந்திருந்தது. பிளந்த இடம் பழுத்துக் காய்ந்து கிடக்க, நாலைந்து ஈக்கள் அந்த ஓரத்தில் வந்து நின்று, போக வழி தெரியாமல் திரும்பித் திரும்பி நடந்துகொண்டிருந்தன. பறக்கத் தெரிந்த ஈயாக இருந்தால் அடுத்த மெத்தைக்குப் போயிருக்கும். இவை எங்கே போகும்? அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு மேற்கொண்டு தோண்டினாள்.

வாசலை விட்டு விலகின புற்கள் இளசாகவும், நெருங்க நெருங்க முற்றினதாகவும் இருந்தன. கடைசியில், வயசான தூர் பாசிக்குள் மறைந்து வாசற்படிக் கல்லுக்கு அடியிலிருந்தே கிளம்பியிருந்தது. கல் வெதுவெதுப்பாக இருந்தது. கழுவுமிடத்துச் சுடுதண்ணீர் கசிந்து கசிந்து அதற்கு அடியில்தான் இறங்கிக்கொண்டிருக்கிறது. வருகிறவர்களின் காலைத் தேய்க்க அவள் ஐந்து வருஷமாக ஊற்றின தண்ணீர்.

இசக்கியைக் கூப்பிட்டாள். இருவரும் கடப்பாரை போட்டுக் கல்லைப் புரட்டினார்கள்.

அடியில் ஒரு சின்னச் செம்பு இருந்தது. அதன்மேல் கருகிச் சுருங்கின ஒரு தேங்காய். சுற்றிலும் ஈர மண்ணில் வெளுத்த முளைகள், காய்ந்த முளைகள், முளைக்காமல் கருத்துப்போன பயறு, கொள்ளு, எள், கோதுமை.

“ஆத்தாடி” என்றான் இசக்கி. “நவதானியம்.”

பனிமயத்துக்கு அந்த நாள் அப்படியே கண்ணில் வந்து நின்றது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் வாசல் கட்டுவதற்கு அஸ்திவாரம் போட்ட நாள். கம்பெனித் தலைவர், அவர் சம்சாரம், சபேசன், கப்பல் கேப்டன், இன்ஜினியர், இன்னும் மூன்று பெரிய மனிதர்கள். திட்டின் மண்ணை மிதிக்கும் முன்னால் அத்தனை பேர் காலையும் அவள்தான் வாளி வைத்து மூன்று தடவை தேய்த்தாள். சட்டைப் பையை வெளியே இழுத்து உதறச் சொன்னாள். தலைவரின் சம்சாரம் தலையில் வைத்திருந்த பூவைக் கேட்டு வாங்கிக் கொண்டாள். அதன்பிறகு பூமி பூசைத் தட்டை அவளே தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். தட்டில் தேங்காய், பழம், வெற்றிலை, மஞ்சள், ஒரு காகிதப் பொட்டலம். குழிக்குள் ஆளுக்கு ஒரு பிடி போட்டார்கள். எட்டுப் பேர் ஆயிற்று, நவதானியத்துக்கு ஒன்பது கைதான் முறை என்று தலைவரின் சம்சாரம் அவளைக் கூப்பிட்டது. மாதாவைக் கும்பிடுகிற வேதக்காரியாய் இருந்தால் என்ன, நல்ல காரியம்தானே என்று அவளும் ஒரு பிடி போட்டாள். இசக்கி அந்த நேரம் கப்பலில் சர்க்கரைப் பொங்கல் கிண்டிக்கொண்டிருந்தான்.

பொட்டலத்தைத் தூத்துக்குடியில் வாங்கியதும் அவள்தான்.

பூவை வாங்கினவள், தட்டை விட்டுவிட்டாள். தெரியாமல் இல்லை. அதில் இருப்பது பயறு, அது கொள்ளு, அது எள் என்று பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அன்று அந்தத் தட்டில் இருந்த எதுவும் அவள் கண்ணுக்கு விதையாகத் தெரியவில்லை. எல்லாம் பூசைச் சாமான்.

சபேசன் வந்து குழியைப் பார்த்தார். மெதுவாகத்தான் பேசினார். இசக்கிமேல் தப்பில்லை, கடிதத்தைக் கிழித்துவிடலாம். குழியை நெருப்பு வைத்துப் பொசுக்கிக் கல்லைப் போட்டு மூடிவிடலாம். உள்ளே இருக்கிற புல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கிக் கொள்ளலாம். காலையில் கப்பல் வருகிறது, அது வந்து போகட்டும்.

“வேர் புடிச்சா வாசல் அடைக்கணும்னு எழுதியிருக்கு சார்” என்றாள் பனிமயம்.

“அது டூரிஸ்டுக்கு எழுதினதும்மா.”

“புல்லுக்குத் தெரியுமா சார், டூரிஸ்டு போட்டதா சேர்மன் போட்டதான்னு?”

“நான் ஒண்ணும் புல்லுக்கு வக்கீலா வரலை. நீங்க யோசிச்சுப் பாருங்க. மோப்பன்ல பதிவாச்சுன்னா ஒன்பது பேர் பேரும் வெளியில வரும். முதல் பேர் உங்களோடது. பொட்டலம் வாங்கினவங்க நீங்க, காவலுக்கு இருந்தவங்க நீங்க. உங்களுக்கு இந்த வாசல் அப்புறம் திறக்காது. நீங்க இந்த மண்ணைத் தொடவே முடியாது, தெரியும்ல?”

தெரியும். அவளுக்கு ஊரில் யாரும் இல்லை. கணவன் கடலோடு போய் இருபது வருஷம். இந்த ஐந்து வருஷத்தில் ஒவ்வொரு நாள் காலையும் உள்ளே ஒரு சுற்று நடந்து, மெத்தைகளின் பக்கத்தில் குந்தி, ஈக்கள் வேலைக்குப் போவதைப் பார்த்துவிட்டு வந்தால்தான் அவளுக்குப் பொழுது விடிந்த மாதிரி. நான்காவது வளைவில் இருக்கும் பெரிய மெத்தையோடு அவள் வாய்விட்டே பேசுவாள். அந்த வாசல் அவளுக்கு அடைபடும் என்றால், அவளிடம் மிச்சம் என்ன இருக்கிறது?

சபேசன் அதைச் சரியாகவே கண்டுபிடித்துத்தான் சொன்னார்.

காலையில் கப்பல் வந்து நின்றது. படகுகள் இறங்கின. பதினெட்டு நாள் காத்திருந்த முகங்கள் அறுபதும் மேடையில் ஏறி, கழுவுமிடத்தில் வரிசையாக நின்றன. பனிமயம் எப்போதும் போல நீல மேலங்கியைப் போட்டுக்கொண்டு வந்தாள். ஆனால் தேய்க்கும் கட்டையை எடுக்கவில்லை. ஒரு குப்பியிலிருந்து முளைக்காத கோதுமையும் கொள்ளும் எள்ளுமாக ஒரு சிட்டிகையை எடுத்து மோப்பனின் தட்டில் வைத்தாள்.

சபேசன் இரண்டே எட்டில் வந்தார். அவள் கையைத் தொடவில்லை, குரலைத்தான் தாழ்த்தினார். “பனிமயம்மா. வேண்டாம்.”

மோப்பன் கூட்டம் கேட்க வாசித்தது. விதைகள் அயல் விதைகள், திட்டில் வேர் பிடித்த புல்லோடு வந்த அதே தூத்துக்குடிக் கலவை. தொட்ட கைகள் ஒன்பது. பனிமயம், வாசல் காவல். அப்புறம் சபேசன், மேலாளர். அப்புறம் தலைவர், அவர் சம்சாரம் என்று வரிசையாக மற்ற எட்டுப் பெயரையும் பதவியோடு சொல்லிமுடித்து, பதிவு செய்யட்டுமா என்று கேட்டது.

“செய்யி” என்றாள்.

வாசலுக்கு மேலே பச்சை விளக்கு அணைந்து சிவப்பு எரிந்தது.

வரிசையில் முதலில் நின்றவர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. அவருக்கு விஷயம் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் முகம் சிவந்துவிட்டது. போன தடவை வந்தபோது அவர் மனைவியின் தாலிக்கயிற்றில் மஞ்சள் தூள் என்று அரைமணி நேரம் நிற்க வைத்ததை நினைவுபடுத்தினார். எங்களைத் திருடனைப் பார்க்கிற மாதிரி பார்த்தாயே, கடைசியில் உங்கள் வீட்டுக் குழியிலா இருந்தது என்று கேட்டார். பின்னால் நின்றவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

பனிமயம் தலையைக் குனியவில்லை.

“ஆமாய்யா. எங்க குழியிலதான். மொதக் கை எங்கைதான். ஒங்க வீட்டம்மாவ நிக்க வச்சது சரி, என்னய நான் நிக்க வைக்காதது தப்பு. அதுக்குத்தான் இப்ப நிக்கேன். ஏச்ச எனக்குக் குடுங்க, வாங்கிக்கிடுதேன். வாசல மட்டும் கேக்காதிய.”

சபேசனுக்குக் கடைசியாக ஒரு வழி இருந்தது. விருந்தாளிகளை உள்ளே கூட்டிப்போக மேடைக்காரர் கை ஒன்று மோப்பனில் பட வேண்டும். மேடைக்காரர்கள் மூன்றே பேர். இரண்டு கை இப்போது அடைபட்டுவிட்டது. அவர் சமையல்கட்டுக் கதவருகில் நின்ற இசக்கியைப் பார்த்து, வா என்றார். அறுபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடிதம் கிழிபட்டுவிட்டது, வேலை நிரந்தரம், சமையலோடு வாசல் பொறுப்பும் இனி உனக்குத்தான், ஒரே ஒரு தடவை கையை வை, இவ்வளவு தூரம் வந்தவர்கள் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார்.

பனிமயம் அவனைப் பார்க்கவில்லை. பார்த்தால் அது கேட்பது போல ஆகிவிடும் என்று கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இசக்கி மெதுவாக நடந்து வந்தான். மோப்பனின் முன்னால் நின்று தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். மீன் செதில் ஒன்று ஒட்டியிருந்தது, அதை எடுத்துப் போட்டான்.

“இந்தக் கையில வெந்தயம் ஒட்டியிருக்குன்னு நீங்கதான் சார் எழுதுனீக” என்றான். “நம்பமாட்டேன்னு எழுதிக் குடுத்த கைய வச்சு நீங்களே எப்படிக் கதவத் தொறப்பீக?”

கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான். யாரோ சிரித்தார்கள். வங்கி அதிகாரியாகத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் முதலில் திரும்பிப் படகை நோக்கி நடந்தவரும் அவர்தான்.

கப்பல் அன்று சாயங்காலமே கிளம்பிற்று. சபேசனும் அதில் போனார். போகும்போது பனிமயத்தைப் பார்த்து, இங்கே இருந்து இனி என்ன செய்யப்போகிறீர்கள், உங்களால் உள்ளே கால்கூட வைக்க முடியாதே என்று கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை, நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. அடுத்த கப்பல் வர நாலு மாசம் ஆகும், அதுவரைக்கும் அரிசி இருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

மறுநாளிலிருந்து இப்படித்தான் நடந்தது. இசக்கி விடிந்ததும் வாசலுக்கு வருவான். அவள் அவனைத் தேய்ப்பாள். காலணியின் தையல் தையலாக, நகம் நகமாக, காதுமடலுக்குப் பின்னால்கூட. கசிவை அடைத்தாயிற்று, தண்ணீர் இப்போது குழாய் வழியாக மேடைத் தொட்டிக்குப் போகிறது. “என்னய முழுசா உரிச்சிட்டு அனுப்புவீக போலிருக்கே” என்பான். “உரிச்சா உள்ள இன்னும் அழுக்கு இருக்கும்” என்பாள். அவன் கையை வைப்பான், அந்த ஒரு கைக்கு மட்டும் பச்சை விளக்கு எரியும். அவன் உள்ளே போவான். அவள் வாசற்படிக்கு இந்தப்புறம் ஒரு கவிழ்த்த வாளியில் உட்கார்ந்துகொண்டு, தொலைநோக்கியைக் கண்ணில் வைத்து, இடது பக்கம், இன்னும் ரெண்டு எட்டு, பாறைக்குக் கீழே, வேரோடு எடு, அத்துப்போகாமல் எடு என்று கத்துவாள். கச்சான் பாதிச் சொல்லைக் கொண்டுபோய்விடும். மிச்சம் பாதியை வைத்து அவன் புரிந்துகொள்வான். பிடுங்கின புல்லெல்லாம் அடுப்புக்குப் போயிற்று.

நான்காவது வளைவு அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து தெரியாது. பெரிய மெத்தை எப்படி இருக்கிறது என்று அவள் கேட்பதில்லை. அவனாக வந்து சொல்வான், நல்லா இருக்கு, ஈ எல்லாம் வேலைக்குப் போயிருச்சு என்று.

மூன்றாவது மாசத்தில் ஒரு நாள் மேடையின் போன் அடித்தது. சபேசன். நலம் விசாரித்தார். பிறகு நல்ல செய்தி என்றார். அந்த வாசலைக் கம்பெனி கைவிட்டுவிட்டது. திட்டின் கிழக்கே, கீழ்க்கரையில் புது வாசல் வரப்போகிறது, புது மோப்பன், புது விதி. பழைய பதிவு அங்கே செல்லாது. அவளையும் மறுபடி வேலைக்கு எடுத்துக்கொள்ளத் தலைவருக்குச் சம்மதம். தை பிறந்ததும் நாள் பார்த்திருக்கிறது, எல்லோரும் வருகிறார்கள்.

பனிமயம் ஜன்னல் வழியே இசக்கியைப் பார்த்தாள். அவன் தூரத்தில் குப்புறப் படுத்தபடி ஒரு மெத்தையின் ஓரத்தைத் துழாவிக்கொண்டிருந்தான்.

“கீழ்க்கரைக்குப் படகு அணையணும்னா இந்த மேடையத் தாண்டித்தான் வரணும் சார்” என்றாள். “நான் இங்கதான் நிக்கேன். வேலைக்கு எடுத்தாலும் நிப்பேன், எடுக்காட்டாலும் நிப்பேன். அது கெடக்கட்டும். நாள் பாத்திருக்குன்னு சொல்லுதீகளே, தட்டுல என்ன கொண்டு வாரீக?”

“தட்டா?” என்று சிரித்தார் சபேசன். “அதெல்லாம் எப்பவும் போலத்தாம்மா. தேங்காய், பழம், வெத்தலை பாக்கு, மஞ்சள், அப்புறம் ஒரு பொட்டலம்...”

அந்த இடத்தில் அவர் குரல் நின்றுபோயிற்று. அவள் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு, அவராகவே சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.